பந்தயத் திடலைப் பசுமையாக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு கார் பந்தயத் திடலுக்கான சுற்றுச்சூழல் திட்டத்தைப் படித்துக் கருத்துச் சொல்லக் கேட்டிருந்தார்கள். தயாரித்தவர்கள் இளைஞர்கள், உண்மையான அக்கறை உள்ளவர்கள். நாலாவது பக்கத்திலேயே எனக்குத் திக்கென்றது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகள். குப்பையைப் பிரிப்பது, பிளாஸ்டிக்கைக் குறைப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கார் புகையையே பார்ப்பது

உலகக் கார் பந்தயத் தொடரான ஃபார்முலா 1, 2018இல் தன்னால் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்ற கணக்கை 2019இல் வெளியிட்டது. மொத்தம் சுமார் 2,56,000 டன். அதில் தடத்தில் ஓடிய கார்களின் பங்கு 0.7 சதவீதம்தான், சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 சதவீதம். ரசிகர்கள் வந்துபோன பயணம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. திடல் நடத்துபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பயணத்தைத்தான். 2021இல் நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட்டுக்கு ஃபார்முலா 1 திரும்பியபோது ரசிகர்கள் பெரும்பாலும் ரயிலிலும் சைக்கிளிலும் வந்தார்கள். டிக்கெட் விற்ற பிறகு யோசித்தால் இது நடக்காது.

தேவைக்கு மேல் ஜெனரேட்டர் எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பணமும் போகிறது, காற்றும் கெடுகிறது, யார் கண்ணிலும் படுவதில்லை.

நடப்பது இதுதான். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று ஒவ்வோர் அணியிடமும் கடையிடமும் கேட்கிறோம். அவர்கள் ஒவ்வொரு கருவியின் மேலும் ஒட்டியிருக்கும் மின்தேவை எண்களைக் கூட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறார்கள். எலக்ட்ரீஷியன் தன் பங்குக்குக் கால் பங்கு சேர்க்கிறார். வாடகைக்குத் தருபவர் அதற்கடுத்த பெரிய ஜெனரேட்டரை அனுப்புகிறார். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நானும் அப்படித்தான் 500 கேவிஏ, அதாவது சுமார் 400 கிலோவாட் தரக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றை மூன்று நாளுக்கு எடுத்தேன். முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் போய் மீட்டரைப் பார்த்தால் 38 கிலோவாட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சில ஃப்ரிட்ஜ்கள், காவல் விளக்குகள், ஆளில்லாத கூடாரத்தில் அணைக்காமல் விட்ட ஏசி. இவ்வளவுக்காக அந்த இயந்திரம் விடிய விடிய ஓடியது. புகைக்குழாயின் மூட்டிலிருந்து தார் போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எரியாத டீசலும் கரியும் கலந்த கசடு. மின்சுமை ஜெனரேட்டரின் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் டீசல் என்ஜின் போதுமான அளவு சூடேறாது, எரிபொருள் முழுதாக எரியாது. இயந்திரமும் சீக்கிரம் கெடும்.

டீசலுக்குப் பதில் கழிவு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளை ஊற்றினால் போதும் என்று அந்த இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். அது நல்ல எரிபொருள்தான். ஆனால் நல்லதை வீணாக எரித்தாலும் வீண்தானே?

சரி, என்ன செய்வது? அடுத்த பந்தயத்தில் ஒவ்வோர் இணைப்பிலும் மீட்டர் வைத்து மணிக்கு மணி குறித்துக்கொள்ளுங்கள். ஊகிப்பதை அதற்கப்புறம் விட்டுவிடலாம். பெரிய ஜெனரேட்டர் ஒன்றுக்குப் பதில், சுமைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேரும் சிறியவை இரண்டு மூன்று எடுங்கள். கூடவே ஒரு பேட்டரி. ஜெனரேட்டர் பகலில் நல்ல சுமையில் ஓடும்போது பேட்டரியை ஏற்றிவிட்டால், இரவில் ஜெனரேட்டரை அணைத்தே விடலாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மின்சாரம் தேவைப்படும் இடத்துக்கு நிரந்தர இணைப்பே இழுத்துவிடுங்கள்.

பிட் தரையைச் சோப்புநீரால் கழுவுவது

பிட் என்பது பந்தயக் கார்களைப் பழுதுபார்த்து டயர் மாற்றும் இடம். அதன் வடிகாலில் உள்ள எண்ணெய் பிரிக்கும் தொட்டி, எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பதை நம்பித்தான் வேலை செய்கிறது. சோப்பு எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து நீரோடு கலந்துவிடும். கலந்தது மிதக்காது, பிரியாமல் நேராக ஓடைக்குப் போகும். ஒரு முறை வெளிக்குழாயில் பால் போல வெள்ளையாக நீர் வந்தது. தொட்டியில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினோம். காரணம் மூலையில் நின்ற சோப்புக் கேன். முதலில் உறிஞ்சுதூளைத் தூவிப் பெருக்கி எடுங்கள். கழுவுவது அப்புறம்.

எண்ணெய் உறிஞ்சிய தூளைப் பொதுக் குப்பையில் கொட்டுவது

கூடாது. அது அபாயக் கழிவு, தனி டிரம் வையுங்கள்.

மரம் நடும் விழா

பந்தயம் முடிந்த பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும்.