ஒரு சோப்பு டப்பாவுக்குள் பயணத்துக்கான பழுதுநீக்கும் பொருட்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்பவர்கள் காவி உடை தைத்துக்கொள்ள வருவார்கள். மற்ற மாதங்களில் திருப்பதி, பழனி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் வருவார்கள். ஊர் திரும்பியதும் அவர்களே வாரறுந்த பையையும் வாய் பிளந்த ஜிப்பையும் கடையில் கொண்டுவந்து வைக்கும்போது எனக்கு மனம் சங்கடப்படும். அவற்றில் பெரும்பாலானவை, கையில் நான்கு சிறு பொருட்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய பழுதுகள். அந்தப் பொருட்களை எப்படித் தேர்ந்தெடுத்துக் கட்டிவைப்பது என்பதை, ஊசியைக் கையில் எடுத்தே பழகாதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: பொருள் வாங்குவதற்கு முன் பையைப் பாருங்கள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, எடுத்துச்செல்லப் போகும் பையில் துணிகளை நிரப்பி, ஒவ்வொரு ஜிப்பையும் பத்து முறை திறந்து மூடுங்கள். காலிப் பையில் ஒழுங்காக ஓடும் ஜிப், பை நிறைந்து இழுபடும்போதுதான் தன் குறையைக் காட்டும். தோள்வார் பையோடு சேரும் இடத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். செருப்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியின் கால்களை மடக்கி விரித்து, திருகாணி ஆடுகிறதா என்று பாருங்கள். எது எது விட்டுப்போகக்கூடும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், எதை எடுத்துச்செல்ல வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். எந்தப் பழுதுக்கு உதவும் என்று உங்களால் சொல்ல முடியாத பொருள் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டாம்.

இரண்டாம் படி: பெட்டி

மூடி இறுக்கமாக அமரும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று போதும். அதில் அடங்காத அளவுக்குப் பொருட்கள் சேர்ந்தால், முதற்படியில் எழுதிய தாளை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஊசி, நூல், ஊக்கு

ஊசிக் காது பெரிதாக உள்ள இரண்டு தையல் ஊசிகளையும், தடித்த துணிக்காக ஒரு சிறிய கோணி ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் ஊசி எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது தெரியும். ஒரு சிறு துணித் துண்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அதில் ஊசிகளைக் குத்தி மடித்து வையுங்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு ஆகிய மூன்று நிறங்களில் நூலை நிறத்துக்கு இரண்டு மீட்டர் வீதம் ஓர் அட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டால் பெரும்பாலான துணிகளுக்கு ஈடுகொடுக்கும். தைக்கும்போது ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீளம் கூடினால் சிக்கு விழும், ஓடும் ரயிலில் அந்தச் சிக்கைப் பிரிப்பது கடினம். சட்டைப் பொத்தான் நான்கும் ரவிக்கைக் கொக்கி நான்கும் போதும். ஊக்கு மட்டும் தாராளமாக இருக்கட்டும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சரமாகக் கோத்து விற்பார்களே, அதில் சிறியதும் பெரியதுமாகப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஜிப்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பயணத்தில் மனிதர்களை மிகவும் தவிக்கவைப்பது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சப்தகிரி எக்ஸ்பிரஸில் திருப்பதிக்குச் சென்றபோது, அரக்கோணத்தைத் தாண்டியதும் என் பெரியம்மாவின் பை ஜிப் பின்பக்கமாகப் பிளந்துகொண்டது. ரன்னர், அதாவது ஜிப்பை மூட நாம் இழுக்கும் உலோகத் துண்டு, முன்னே போகிறது, அதன் பின்னால் பற்கள் சேராமல் விலகி நிற்கின்றன. பெரியம்மா புடவை மடிப்புகள் வெளியே தெரிகிறதே என்று முந்தானையால் பையை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பல்லில் குறை இருந்தால்தான் இப்படி ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை ரன்னரில்தான் இருக்கும்: நாள்பட்ட உபயோகத்தில் அதன் பின்வாய் அகன்று, இரண்டு பக்கப் பற்களையும் ஒன்றாக அழுத்தும் வலுவை அது இழந்துவிடுகிறது.

இதற்கு வேண்டியது உள்ளங்கை அளவுள்ள ஒரு மூக்குக் குறடு. முதலில் ரன்னரை ஜிப் தொடங்கும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு வாருங்கள். ரன்னரின் பின்வாயில் இடப்பக்க ஓரத்தின் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் குறட்டால் பிடித்து மெல்ல ஒரே ஓர் அழுத்து; பிறகு வலப்பக்க ஓரத்தில் அதே அளவு அழுத்து. ஓட்டிப் பாருங்கள். சேரவில்லை என்றால் இன்னும் ஒரு முறை, அதே மென்மையோடு. ரன்னர் வார்ப்பு உலோகம் என்பதால் ஒரேயடியாக நெரித்தால் விரிசல் விட்டுவிடும், அல்லது ஓடாமல் இறுகிக்கொள்ளும். அன்று பெரியம்மாவின் பை மூன்றாவது அழுத்தில் மூடிக்கொண்டது. இந்த அழுத்தத்தின் அளவு கைக்குப் பழக வேண்டும் என்பதால், வீட்டில் கிடக்கும் பழைய பை ஒன்றில் முன்கூட்டியே செய்து பாருங்கள்.

ஜிப் பிளக்காமல் இறுகி நின்றால் பற்களின் மேல் மெழுகுவர்த்தித் துண்டையோ பென்சில் முனையையோ தேய்த்தால் போதும். ரன்னரின் இழுபிடி உடைந்துவிட்டால் அந்தத் துளையில் ஓர் ஊக்கைக் கோத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: தோள்வார்

பை வாருக்குச் சாதாரணத் தையல் நூல் தாங்காது. காசிமேட்டில் வலை பின்னப் பயன்படும் நைலான் நூலைப் போல வேறு எதுவும் இதற்குப் பொருந்தாது என்பது என் அனுபவம். இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நைலான் வழுக்கும் என்பதால் வழக்கமாகப் போடும் முடிச்சுக்கு மேல் இன்னும் இரண்டு முடிச்சு வேண்டும். அரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நுனி பிரியாதபடி வீட்டிலேயே தீயில் காட்டி உருக்கி வைத்துவிடுங்கள், ஏனெனில் வழியில் லைட்டர் வைத்திருக்கக் கூடாது. தைக்கும்போது வார் முனையைப் பையின் மீது இரண்டு விரல் அகலம் படிய வைத்து, ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். நேர்கோட்டில் ஒரே வரிசையாகத் தைத்தால் சுமை முழுவதும் அந்த ஓர் ஓரத்தையே இழுத்துக் கிழிக்கும்.

ஆறாம் படி: செருப்பும் கண்ணாடியும்

ஹவாய் செருப்பின் துளை அகன்று, வாரின் குமிழ் மேலே வந்துவிடுவது நடைப்பயணம் போகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லை. குமிழைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி, செருப்பின் அடியில் குமிழுக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள கழுத்தில் ஒரு பெரிய ஊக்கைக் குறுக்காகக் குத்தி மூடுங்கள். ஊக்கு தாழ்ப்பாள் போல நின்று, குமிழை மேலே வரவிடாது. ஊக்கின் மேல் ஒரு துண்டு துணி டேப்பை ஒட்டிவிட்டால் அது திறந்துகொள்ளாது. முழு டேப் சுருளைத் தூக்க வேண்டியதில்லை, ஒரு மீட்டர் டேப்பைக் காலாவதியான ஏடிஎம் அட்டையில் சுற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடித் திருகாணி விழுந்துவிட்டால், அந்தத் துளையில் நூலை மூன்று நான்கு முறை ஓட்டி முடிச்சிட்டால் ஊர் திரும்பும் வரை தாங்கும். கிளம்பும் முன்பே திருகாணியின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அது எளிதில் கழலாது.

ஏழாம் படி: ஒட்டும் பசையும், எடுத்துச்செல்லக் கூடாதவையும்

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையில் பிரிக்காத சிறு ட்யூப் ஒன்று மட்டும் போதும். காற்றின் ஈரத்தால்தான் அது இறுகுகிறது. ஒருமுறை திறந்த ட்யூப் நம் ஊர்க் காற்றில் சில நாட்களிலேயே கல்லாகிவிடும். பருத்தித் துணியில் அது பட்டால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடக்கூடும் என்பதால், துணியில் மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷன், தின்னர், லைட்டர் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீப்பற்றும் பொருட்களை ரயிலில் கொண்டுசெல்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். விமானத்தில் செல்வதானால் குறடு, கத்தரிக்கோல், கோணி ஊசி ஆகியவற்றைச் சரக்காக அனுப்பும் பையில் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, டப்பாவைப் பயணப் பையின் அடியில் புதைக்காமல், ரயிலில் படுக்கைக்குப் போன பிறகும் கைக்கு எட்டும்படி பையின் வெளிப்பக்க அறையில் வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். ஊர் திரும்பிய அன்றே, செலவான ஊக்கையும் நூலையும் எண்ணி நிரப்பி, ஊசித் துணியில் இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுங்கள்.