நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு: விதைப்பது முதல் மடக்கி உழுவது வரை

தக்கைப்பூண்டு, வளர்த்து வயலிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி. பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான இருபோக வயல்களில் ஜூனில் தண்ணீரை எதிர்பார்ப்பவர்கள், சித்திரைக் கோடை மழையிலேயே இதை விதைத்துவிட வேண்டும். மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலத்துக்கு ஆடி ஈரம் போதும். தண்ணீருக்கு வழியில்லாத செவலுக்கு இன்னொரு பசுந்தாள் செடியான கொளுஞ்சிதான் சரி. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடும் வாய் வைக்காது. விதைத்தோல் மட்டும் கடினம் என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதையுங்கள்.

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் இரண்டைக் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தித் தூவுங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். வேர் முடிச்சுகளில் தங்கி, காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருவது இந்தப் பாக்டீரியாதான்.

ஒரு மாதம் ஆனதும் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு தழைச்சத்தைப் பிடிக்கவில்லை.

அடுத்தது மடக்கி உழும் நாள். நான் ரொம்ப வற்புறுத்துவது இதைத்தான். 45 முதல் 50 நாளுக்குள், பூ எட்டிப் பார்க்கும்போதே உழுதுவிடுங்கள். இன்னும் வளரட்டும், தழை கூடும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும். நாரில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதைச் சிதைக்கப் பெருகும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்று பச்சை பிடிக்காமல் மஞ்சளாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இளந்தண்டில் அந்தச் சிக்கல் இல்லை. நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டியது போக மிச்சத்தை அம்மோனியமாக மண்ணில் விடும், நெல் வேர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, கேஜ்வீல் (டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம்) அல்லது ரோட்டவேட்டரால் செடி முழுதும் சேற்றுக்குள் போகும்படி உழுங்கள். மடை திறந்து தண்ணீரை வடிக்க வேண்டாம், கரைந்த சத்தும் அதோடு போய்விடும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். அழுகும் வேகத்தில் காற்றில்லாத சேற்றில் உண்டாகும் வாயுக்களும் அமிலங்களும் இளவேருக்கு ஆகாது. காலால் மிதித்தால் தண்டு நசுங்கி, குமிழி அடங்கியிருந்தால் நடலாம்.

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டிலிருந்து ஏக்கருக்கு 25 முதல் 35 கிலோ தழைச்சத்து சேரும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 20 கிலோவுக்குச் சற்று மேல்தான். அதனால் அடியுரத்தில் யூரியாவைத் தவிர்த்து, மேலுரத்தை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையால் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். இந்தத் தழை சீக்கிரம் மக்கிக் கரைவதால் ஒரே போகத்தில் மண்ணின் கரிமம் பெரிதாக உயராது. அதனால் களர் வயல்காரர்கள் ஆண்டு தவறாமல் விதைக்க வேண்டும்.