பால் குடிக்கிற பிள்ளையின் பல்லையும் உங்கள் பல்லையும் பார்த்துக்கொள்வது எப்படி?

பிள்ளைக்குப் பல் முளைத்ததும் "இனி பாலை மறக்கடிச்சிரு, இல்லன்னா பல்லெல்லாம் சொத்தையாயிரும்" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுப் பால் கொடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற சாப்பாட்டோடு 2 வயது வரைக்கும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பிள்ளைகளின் சொத்தைப் பல்லுக்குப் பெரும்பாலும் காரணம் சீனி, தேய்க்காமல் விட்ட பல், பெரியவர்களின் எச்சில்.

பல் வருவதற்கு முன்பே வேலை ஆரம்பம். பழைய வேட்டியில் மெல்லிய துண்டு கிழித்து, கொதிக்க வைத்துக் காயப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது ஆறிய வெந்நீரில் அதை நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, மேல் ஈறு கீழ் ஈறு இரண்டையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள், அவ்வளவு போதும். குளிப்பாட்டுகிற ஆச்சி தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுக்கப் பார்த்தால் மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள், அதில் புண்ணும் தொற்றும்தான் மிச்சம். பிறந்த பிள்ளைக்குச் சேனை என்று நாக்கில் வைக்கிற சீனித் தண்ணியும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைப் பாதிக்கிற விஷத்தை உண்டாக்கும்.

நாக்கில் வெள்ளையாகப் படிந்திருப்பது பால் என்றால் துடைத்ததும் போய்விடும். துடைத்தாலும் போகாமல், கன்னத்தின் உட்பக்கமும் திட்டுத்திட்டாக இருந்து, உங்களுக்கும் காம்பில் எரிச்சல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி இரண்டு பேரும் சேர்ந்து மருந்து போட வேண்டும், பிள்ளைக்கு மட்டும் போட்டால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டிக் கீழ் முன்பற்கள் இரண்டும் எட்டிப்பார்க்கும், சிலருக்கு ஒரு வயதுகூட ஆகும். நம்ம ஊரில் உடனே பல் கொழுக்கட்டை அவித்துத் தலையில் போடுவோமே, அந்தக் கொழுக்கட்டைக்கு மாவு வாங்கப் போகும்போதே குழந்தை பிரஷ் ஒன்றும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் ஒன்றும் வாங்கி வந்துவிடுங்கள், அட்டையில் ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால் நல்லது. 3 வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. பிள்ளையின் தலையை மடியில் வைத்து, மேலிருந்து பார்த்துத் தேய்த்தால் எல்லாப் பல்லும் தெரியும். துப்பத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், அரிசி அளவுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஒரு தடவைதான் முடியும் என்றால் ராத்திரியை விடாதீர்கள். கரித்தூள், உப்பு எதுவும் வேண்டாம்.

ராத்திரி ஏன் முக்கியம் என்றால், தூங்கும்போது எச்சில் குறைவாகத்தான் ஊறும், பல்லில் ஒட்டியதைக் கழுவிவிட ஆள் இருக்காது. ஒரு வயதுக்கு மேல் ராத்திரி முழுக்க அடிக்கடி பால் குடிக்கிற பிள்ளைக்கு, சாப்பாட்டு மிச்சமும் பல்லில் இருந்தால் சொத்தை வர வாய்ப்பு அதிகம். அதனால் ராச்சாப்பாடு முடிந்ததும் பல்லைத் தேய்த்துவிட்டு, அப்புறம் தாய்ப்பாலும் தண்ணியும் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். உண்மையான வில்லன் வாயில் வைத்தபடியே தூங்கவிடுகிற பால்புட்டி, அதிலும் சீனியோ கருப்பட்டியோ கலந்தது. உடன்குடிக் கருப்பட்டியாகவே இருந்தாலும் கிருமிக்கு அது சீனிதான். மாதம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் ஆரம்பம் அது, அந்தக் கட்டத்தில் போனால் துளைக்காமலே சரிப்படுத்திவிட முடியும்.

கடிக்கிறானே என்று பாலை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஒழுங்காகச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும், கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி விழும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் காயம். வாயின் ஓரத்தில் சுண்டு விரலை நுழைத்து விடுவித்துவிட்டு, கொஞ்ச நேரம் கொடுக்காதீர்கள். பல் முளைக்கும்போது ஈறு ஊறல் எடுத்தால் குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள், மரத்துப்போக வைக்கிற ஜெல் வேண்டாம். நல்ல காய்ச்சல் அடித்தால் "பல் முளைக்கிற காய்ச்சல்" என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், பல் அவ்வளவு காய்ச்சலைக் கொண்டுவராது.

இனி உங்கள் வாய்க்கு வருவோம். சொத்தையை உண்டாக்குகிற கிருமி பிள்ளைக்குப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களின் எச்சில் வழியாகத்தான் போகிறது. மென்று ஊட்டுவது, ஒரே ஸ்பூன், கீழே விழுந்த நிப்பிளை நாம் சப்பித் துடைத்துக் கொடுப்பது, எல்லாம் நிற்கட்டும், அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேறுகால லேகியம் சாப்பிட்டதும் வாயைக் கொப்பளியுங்கள், அது பல்லில் அப்பிக்கொண்டு லேசில் போகாது. பால் கொடுக்கிறவள் பல் பிடுங்கக் கூடாது என்பது வெறும் பேச்சு. மரக்க வைக்கிற லிக்னோகெயின் ஊசி போட்டுப் பல் அடைக்கலாம், பிடுங்கலாம், எக்ஸ்ரேயும் எடுக்கலாம், வந்து வழக்கம்போல் பாலும் கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வேறு மாத்திரை எழுதும்போது "பால் கொடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வயது முடிவதற்குள் பிள்ளையை ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். செலவுக்கு யோசித்தால் நம்ம திருநெல்வேலி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுங்கள், உங்கள் பேருக்கும் ஒன்று சேர்த்து.