பி.பி.எஸ். கிளெய்மில் பொய்க்கணக்கு நுழையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஒரு ஃபார்மசி பி.பி.எஸ். (மருந்து விலையில் அரசு மானியம் தரும் திட்டம்) மானியம் கோர, 1953-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 90-ஆம் பிரிவில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதியை நிறுத்தி வைக்கவும் பறிக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஏமாற்றிப் பணம் பெற்றதாகத் தீர்ப்பானால், 1995-ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்தொகுப்பின் 134.2 பிரிவில் 10 ஆண்டுவரை சிறை.

மருந்து நோயாளியின் கைக்குப் போனால்தான் கிளெய்ம். தவறுகள் எளிதில் நடப்பது, கட்டிவைத்த பைகள் காத்திருக்கும் அடுக்கில்தான். லேபிள் அடிக்கும்போதே கிளெய்ம் ஆன்லைனில் போய்விடுகிறது. ஆள் வராவிட்டாலும் அந்தக் கிளெய்ம் அப்படியே நிற்கும். வாரத்தில் ஒருநாள் ஒதுக்கி அந்த அடுக்கைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய பைகளுக்குப் போன் செய்யுங்கள். வரமாட்டார் என்றால் முதலில் கணினியில் டிஸ்பென்ஸை (மருந்து கொடுத்ததாக உள்ள பதிவை) ரத்து செய்து, ரிப்பீட்டை (அதே சீட்டில் மறுபடி வாங்க உள்ள எண்ணிக்கையை) பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே லேபிளை உரித்துப் பெட்டியை ஸ்டாக்கில் வையுங்கள். ரத்து செய்ய மறந்தால் அதே பெட்டி அடுத்தவருக்குப் போகும். ஒரு பெட்டிக்கு இரண்டு கிளெய்ம். மறதியில் இப்படி வந்த பணம் பழகிப்போவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

நோயாளியின் கையெழுத்தை மருந்து கொடுக்கும்போதே வாங்குங்கள். முன்கூட்டி மொத்தமாக வாங்கவே கூடாது. வாங்க முடியாத நிலையென்றால் காரணத்தை மருந்தாளர் எழுதி வைக்க வேண்டும். ஸ்கிரிப்டுகளை (டாக்டரின் மருந்துச்சீட்டுகளை), மருந்து கொடுத்த நாளிலிருந்து 2 ஆண்டு பாதுகாக்க வேண்டும். டாக்டர் அவசரத்துக்குப் போனில் சொன்ன மருந்துக்கு 7 நாளுக்குள் ஸ்கிரிப்ட் வந்தாக வேண்டும். அதற்குத் தனி நோட்டு போடுங்கள். டாக்டரின் குறிப்பில்லாமல் எல்லா ரிப்பீட்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதியோர் இல்லங்களுக்கு ரிப்பீட்டுகள் தானாக ஓடும்படி விட்டால், இறந்தவர் பெயரிலும் கிளெய்ம் போகும். இல்லத்தின் ஆள் பட்டியலை மாதந்தோறும் கேட்டு வாங்குங்கள்.

விலை உயர்ந்த பத்து மருந்துகளுக்கு மாதம் ஒருமுறை ஸ்டாக் கணக்கு பாருங்கள். தொடக்கத்தில் 4 பெட்டி, வாங்கியது 20, இப்போது இருப்பது 6 என்றால் வெளியே போனது 18. மொத்தவியாபாரிக்குத் திருப்பியது, காலாவதியானது, கிளைக்கடைக்கு அனுப்பியது ஆகியவற்றை அந்த 18-இல் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்க எதுவும் இல்லாமல் டிஸ்பென்ஸ் பதிவு 23 காட்டினால் ஐந்து பெட்டிக்குப் பொருளே இல்லை. ஒரு பிராண்டில் குறைவும் அதே மருந்தின் வேறு பிராண்டில் மிகுதியும் தெரிந்தால், கொடுத்தது ஒன்று, பதிந்தது வேறொன்று. தணிக்கையாளரும் கொள்முதல் பில்லை வைத்து இதே கணக்கைத்தான் போடுவார்.

2019-இல் வந்த தரவு ஒப்பீட்டுச் சட்டத்தால் பி.பி.எஸ். பதிவுகளைக் குடிவரவுத் தகவலோடும் ஒப்பிடலாம். ஒருவர் சென்னையில் இருந்த வாரத்தில் மெல்பர்ன் கடையில் மருந்து வாங்கியதாகப் பதிவிருந்தால் உங்களைக் கேட்பார்கள். நோயாளிக்காக வேறொருவர் வந்து வாங்கினால் அவர் பெயரும் கையெழுத்தும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப மகனின் பெயரில் மருந்து கேட்டால் மனம் இளகும். ஆனாலும் கொடுக்காதீர்கள், மானிய மருந்தை அப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். மானியமில்லாத தனியார் ஸ்கிரிப்ட் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தவறு கண்ணில் பட்டால் தேதியை மாற்றி ஒட்டுப்போடாதீர்கள். கணினியில் ரத்து செய்ய முடியாத பழைய கிளெய்ம் என்றால், மருந்து, தேதி, தொகை, காரணம் நான்கையும் எழுதி, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்முன் நீங்களே சுகாதாரத் துறைக்குத் தெரிவித்துப் பணத்தைத் திருப்புங்கள்.