உதவி தேவைப்படுபவரைச் சமூக சேவைகளிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

சமூக சேவை என்ற சொல்லைக் கேட்டதும் தொண்டும் நன்கொடையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் சமூக சேவைகளான முதியோர் ஓய்வூதியம், மருத்துவ உதவி, குழந்தைப் பாதுகாப்பு, வேலையிழந்தோருக்கான உதவித்தொகை போன்றவை எவருடைய இரக்கத்தையும் நம்பி நிற்பவை அல்ல. 1948ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவு, தேவையான சமூக சேவைகளையும் மனிதரின் உரிமைகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. உங்களோடு வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாசிப்பதாக எண்ணி வருபவர், கேட்க வேண்டியதில் பாதியைக் கேட்காமலே திரும்பிவிடுவார்.

அடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். என் கருத்தில் இதுவே மிக முக்கியமான கட்டம். வாடகை பாக்கிக்கு வழி கேட்டு வரும் பெண்ணிடம் பொறுமையாகப் பேசினால், கணவர் பக்கவாதத்தில் படுத்திருப்பதும், அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றதும் மெல்ல வெளிவரும். அப்போது தேவைப்படுவது ஒன்றல்ல, மூன்று சேவைகள். வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும் என்று 1942இல் பிரிட்டனில் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் சமூகக் காப்பீடு பற்றிய தம் அறிக்கையில் வலியுறுத்தியதற்குக் காரணமும் இந்தப் பின்னல்தான்.

அடையாளம், வருமானம், உடல்நிலை ஆகியவற்றுக்கான சான்றுகளை ஒருசேர வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால், அந்தச் சிறு வேறுபாடே விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முடக்கிவிடக்கூடும். படிவத்தை நீங்களே நிரப்பினாலும் ஒவ்வொரு கேள்வியையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலையே எழுதுங்கள். புரியாத தாளில் யாரையும் கையெழுத்திட வைக்காதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்துமூலம் கேளுங்கள். வாய்மொழியாக “தகுதி இல்லை” என்று சொல்லப்படுவதை வைத்து மேல்முறையீடு செய்வது கடினம், அதற்கான காலக்கெடுவும் பெரும்பாலும் குறுகியதே. உதவி கிடைத்த பிறகும் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று வாருங்கள்: பணம் அவர் கையில்தான் சேர்கிறதா, மகள் மறுபடி பள்ளிக்குப் போகிறாளா என்பது அங்கே போனால்தான் தெரியும்.