கரையில் நிற்பவருக்குப் புரிகிற படம்: அறிவிப்புப் பலகை வடிவமைப்பது எப்படி?

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், அதற்குக் கீழே யாரும் விளக்கம் எழுதி ஒட்டுவதில்லை. பகலில் கூம்பும் உருளையும் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். 1 முதல் 11 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொருள். "மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கரையில் படகை இழுத்துக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நாமும் ஒரு சின்னம் வரைந்தால் உடனே எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கூண்டு புரிவதற்குக் காரணம் அதன் வடிவம் இல்லை. தாத்தாவும் அப்பாவும் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. நீங்கள் நேற்று வரைந்த சின்னத்துக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. ஆகவே பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்துதான் படம் தொடங்க வேண்டும். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் சின்னத்தை ஒட்டினார்கள். நுகம் பூட்டிய இரட்டைக் காளை, கதிரும் அரிவாளும் என்று, எழுதப் படிக்கத் தெரியாதவரும் தினமும் கண்ட பொருள்கள் அந்தச் சின்னங்களில் இருந்தன.

சரி, வேலைக்கு வருவோம். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் நடுவில் நாட்டுப்படகுகள் கரையேறும் ஓர் இடத்துக்காக நான் செய்த பலகையையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். வலையில் கடல் பசு சிக்கினால் உயிரோடு விட்டுவிட வேண்டும், இதுதான் செய்தி. முதலில் செய்த பலகை தவறாகப் போனது. அதைத் திருத்தும்போது கற்றதுதான் கீழே இருப்பதில் பெரும்பகுதி.

படி 1: ஒரே வாக்கியம் எழுதுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் யார், எங்கே நின்று, எப்போது பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "பொதுமக்கள்" என்ற சொல் அதில் வரக்கூடாது. என் வாக்கியம் இது: "விடியற்காலையில் மீன் இறக்கும் நாட்டுப்படகுக்காரர், ஏலம் நடக்கும் இடத்தில் ஆறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறார், அடுத்த முறை கடல் பசு மாட்டினால் வலையை அறுத்து விடுகிறார்."

இந்த வாக்கியம்தான் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்லும். கடல் பசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் பலகையில் போட ஆசை இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும். கடற்புல்லை மேய்ந்து வாழும். இவை எல்லாம் உண்மை, ஆனால் ஈர வலையைக் கையில் பிடித்திருப்பவருக்கு அந்த நிமிடத்தில் தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான். அது மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடும் உயிர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். மூச்சு என்ற சொல்லை மட்டும் பலகைக்கு எடுத்துக்கொண்டேன். மற்றவை பள்ளியில் பேசப் போகும்போது உதவும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் ஒருவரிடம் அவருடைய சொந்த வலையை அறுக்கச் சொல்கிறோம். அது அவர் பணம், அவர் உழைப்பு. அதட்டும் குரலில் "தண்டனைக்குரிய குற்றம்" என்று தலைப்புப் போட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலைச் சேதத்துக்கு என்ன உதவி கிடைக்கும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் உறுதியாகச் சொல்வதை மட்டும் பலகையில் போடுங்கள்.

படி 2: அந்த இடத்தில் போய் நில்லுங்கள்

பலகை பார்க்கப்படும் நேரத்திலேயே போங்கள். நான் போனது அதிகாலை ஐந்தரைக்கு. பகலில் பளிச்சென்று தெரிந்த சுவர் அந்நேரம் பாதி இருட்டில் இருந்தது. ஐஸ் பெட்டிகளை அடுக்கினால் சுவரின் கீழ்ப்பாதி மறைந்துவிடுகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான இடம் எவ்வளவு என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

தூரத்தைக் காலடியால் அளந்துகொள்ளுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுவோர் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. ஆறு மீட்டர் என்றால் இரண்டு அங்குலம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் 'ண', 'ஞ', 'இ' எல்லாம் சுழிகள் நிறைந்தவை. நான் ஒன்றரை மடங்கு வைப்பேன், அதாவது மூன்று அங்குலம். கொம்பு, கொக்கிகளைச் சேர்க்காமல் 'ப' எழுத்தின் உயரத்தை அளந்தால் சரியாக வரும்.

படி 3: சொற்களைக் குறையுங்கள்

என் முதல் வரைவில் தொண்ணூறு சொற்கள் இருந்தன. இறுதிப் பலகையில் இருந்தவை இவ்வளவுதான்: "ஆவுளியா வலையில் மாட்டிச்சா? மூச்சு முட்டும். வலையை அறுத்து விடுங்க." கீழே தொலைபேசி எண்.

'கடல் பசு' என்று எழுதியிருந்ததை 'ஆவுளியா' என்று மாற்றியது கரையில் கேட்ட பிறகுதான். அங்கே எல்லாரும் சொல்வது அந்தப் பெயரைத்தான். உங்கள் பலகை கடல் அட்டையைப் பற்றியதாக இருந்தாலும், பாசி எடுக்கும் பெண்களுக்கானதாக இருந்தாலும், அவர்கள் வாயில் வரும் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

படி 4: படத்தைச் சின்னதாகப் பலமுறை வரையுங்கள்

தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் பத்து போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்தில் ஒரு படம் வரையுங்கள். அழகு பார்க்க வேண்டாம். இந்த அளவிலேயே புரியாத படம் பெரிதாக்கினாலும் புரியாது.

என் தவறு நடந்தது இங்கேதான். வலைக்குள் ஆவுளியா, பக்கத்தில் கத்தி பிடித்த ஒரு கை. இப்படித்தான் முதல் படம் இருந்தது. எனக்கு அது "வலையை அறு" என்று தெளிவாகச் சொன்னது. சங்குக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆவுளியாவ அறுக்கச் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். நெஞ்சு திக்கென்றது. காப்பாற்றச் சொல்லும் படம், கொல்லச் சொல்லும் படமாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கத்தியும் விலங்கும் ஒரே படத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு எப்படித் தெரியும்?

திருத்தியது இப்படி. ஒரு படத்தை மூன்றாகப் பிரித்தேன். முதலாவதில் வலைக்குள் ஆவுளியா, மூக்கு நீர்மட்டத்துக்குக் கீழே. இரண்டாவதில் கத்தி, கை, வலைக்கயிறு மட்டும், விலங்கே இல்லை. கத்தி முனை விலங்கு இருக்கும் பக்கம் நோக்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்றாவதில் ஆவுளியா நீர்மட்டத்தில் மூக்கை நீட்டி மூச்சு விடுகிறது, பின்னால் அறுந்த வலை. ஒவ்வொன்றின் மூலையிலும் 1, 2, 3 என்று பெரிதாகப் போட்டேன். எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று எல்லாரும் ஒரே மாதிரி ஊகிப்பதில்லை, எண் போட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, வால். இணையத்தில் கடல் பசு என்று தேடினால் வரும் படங்களில் பல, அமெரிக்கக் கரைகளில் வாழும் மானட்டி என்ற அதன் உறவு விலங்கினுடையவை. மானட்டிக்கு வால் வட்டத் துடுப்பு மாதிரி இருக்கும். நம் கடலில் இருக்கும் ஆவுளியாவுக்குத் திமிங்கிலத்தைப் போலப் பிளந்த வால். நீங்கள் உருண்டை வால் வரைந்தால், கடலில் அதைக் கண்ணால் பார்த்தவர் அந்த நொடியே உங்கள் மீதிச் செய்தியையும் நம்பமாட்டார். படகும் அப்படித்தான். அந்தக் கரையில் நிற்கும் படகைப் பார்த்தே வரையுங்கள்.

படி 5: எழுத்துரு

கணினியில் படம் வரைய இன்க்ஸ்கேப், கிரிட்டா என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். பலகை வேலைக்கு இன்க்ஸ்கேப் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. எழுத்துருவுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி மூன்றையும் போட்டுப் பாருங்கள், யூனிகோடில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிகத் தடித்த எழுத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளும், நடுத்தரத் தடிமனே தூரத்துக்குத் தெளிவாகத் தெரியும். எழுத்தைச் சுற்றி நிழலும் வெளிக்கோடும் போடவே கூடாது. புள்ளியை முதலில் விழுங்குவது அவைதான், புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது கவனம். சில கடைகளில் இன்னும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. அங்கே கோப்பைத் திறந்தால் 'கொ' என்பது 'ெகா' ஆகி நிற்கும். அனுப்பும் முன் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, இன்க்ஸ்கேப்பின் 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' என்பதை அழுத்தி வடிவங்களாக மாற்றிவிடுங்கள். மாற்றியபின் பிழை திருத்த முடியாது, அதனால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நிறம்

கரையில் கடல் நீலம், தார்ப்பாய் நீலம், பல படகுகளும் நீலம். நீலப் பலகை அதில் கரைந்துபோகும். கறுப்பு, சிவப்பு இரண்டையும் சேர்த்து வைத்தால் கட்சி விளம்பரம் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். நான் மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து வைத்தேன். அரையிருட்டிலும் தெரிகிறது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் வெளிச்ச வேறுபாட்டாலேயே தெரியும். சோதிப்பது எளிது. போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அப்போதும் தெளிவாக இருந்தால் சரி.

படி 7: சோதனை

படத்தை ஏ4 தாளில் படுக்கைவாக்கில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். நான்கடி அகலப் பலகையை ஆறு மீட்டரில் பார்ப்பதற்கு அது கிட்டத்தட்டச் சமம்.

அப்புறம், எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் கரையில் ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "இதுல என்ன நடக்குதுண்ணே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்க வேண்டும் என்று நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மீன் தரம் பிரிக்கும் அக்காமாரிடமும் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் இருப்பார்கள். ஆற அமரப் பேச அது நல்ல நேரம். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் படி 4-க்குத் திரும்பிப் போங்கள்.

படி 8: அச்சா, தூரிகையா

ஃபிளெக்ஸ் அடிப்பதானால் நான்குக்கு மூன்றடி அளவில் 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி) போதும், அதாவது 4800-க்கு 3600 பிக்சல். ஆனால் கடற்கரை வெயிலில் அச்சு மையின் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும், நீலச்சாயல் மட்டும் மிஞ்சும். என் முதல் பலகை அப்படித்தான் வெளிறியது. இரண்டாவதைப் படகுகளின் முகப்பில் 'டிஎன் 10' என்று பதிவு எண் எழுதும் ஓவியரிடம் கொடுத்தேன். உப்புக்காற்றில் எந்தப் பெயின்ட் நிற்கும், கோடு எவ்வளவு தடிமன் இருந்தால் தூரத்தில் தெரியும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். தகரத் தகட்டில் எனாமல் பெயின்ட். நான் மெல்லிசாக வரைந்திருந்த வலைக் கண்ணிகளை அவர் பெரிதாக்கி, பாதியாகக் குறைத்தார். அது வலையாகத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

பலகையின் கீழ் விளிம்பு, அடுக்கிய ஐஸ் பெட்டிக்கு மேலே இருக்கும்படி மாட்டுங்கள். வாடைக்காற்றுப் பருவம் முடிந்ததும் ஒருமுறை போய்த் துடைத்து, துரு இருந்தால் பூசுங்கள். பலகையில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அப்போதே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.