பால் பாட்டில் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தங்கை மகனுக்குப் பெயர் சூட்டிய அன்று எங்கள் வில்லிவாக்கம் வீட்டில் நான்கு பால் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றை அவளுடைய ஆபீஸ் தோழிகள் கொண்டுவந்தார்கள். ஒன்றைப் பெரியம்மா மகள், தன் பையன் குடித்ததைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். ஒன்று, அம்மா ரங்கநாதன் தெருவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. இன்னொன்று ஆன்லைனில் வந்த எவர்சில்வர் பாட்டில். நான்கும் நான்கு விதமான பொருளில் செய்தவை. "அக்கா, இதுல எதுல பால் குடுக்கலாம்?" என்று தங்கை கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு குழந்தை மருத்துவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்கவும் பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையை மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். மூலை முடுக்கு இல்லாததால் அதைக் கழுவுவது எளிது, கொதிக்க வைப்பதும் எளிது. பாட்டில் வேண்டுமா என்று யோசிக்காமலே எந்த பாட்டில் என்று கேட்கத் தொடங்குவதே முதல் தவறு. ஆனால் 3 மாதத்தில் வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்கும், பால் போதாத அம்மாக்களுக்கும் பாட்டில் தேவைப்படலாம். அதற்காக யாரும் அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

"பிபிஏ இல்லை" என்ற ஸ்டிக்கரோடு நின்றுவிடுவது

ஒரு காலத்தில் பால் பாட்டில்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டில் வந்தன. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் பிளாஸ்டிக் அது. பிபிஏ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். சூடான பாலோ வெந்நீரோ படும்போது இது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உடலுக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் என்பதுதான் கவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் பாலிகார்பனேட் பால் பாட்டில்களைத் தடை செய்தது. அமெரிக்கா 2012 இல் அனுமதியை விலக்கிக்கொண்டது. பிபிஏவை ஒருவர் நாள்தோறும் எவ்வளவு வரை உட்கொள்ளலாம் என்ற அளவை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. அப்போது பயந்தது வீண் பயம் இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

நம் நாட்டிலும் பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கான இந்தியத் தரநிலை, ஐஎஸ் 14625, 2015 இல் திருத்தப்பட்டபோது பாலிகார்பனேட்டுக்கு இடமில்லாமல் போனது. அதனால்தான் பெரியம்மா மகள் கொடுத்த பாட்டிலைத் தங்கை பயன்படுத்த வேண்டாம் என்றேன். அதன் அடியில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண்ணும் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. எப்போது வாங்கியது என்று அவளுக்கே நினைவில்லை. அக்கா பிள்ளை போட்ட சட்டையைத் தம்பி பிள்ளை போடலாம். பாட்டில் அப்படி இல்லை. பலமுறை கொதித்து, பிரஷ் பட்டுக் கீறி, உள்ளே மங்கிப்போன பிளாஸ்டிக்கைப் புதிய குழந்தைக்குக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. இதைச் சொல்லும்போது உறவில் சங்கடம் வரும், எனக்கும் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, பயன்படுத்தாமல் விட்டுவிடலாம்.

"பிபிஏ இல்லை" என்றால் பிஸ்பீனால் குடும்பமே இல்லை என்று பொருள் இல்லை. பிஇஎஸ் என்ற ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. அதன் மூலப்பொருளே பிஸ்பீனால் எஸ். அந்தப் பாட்டிலின் மேலும் பிபிஏ இல்லை என்று எழுதலாம், அதில் பொய்யும் இல்லை. ஆக, என்ன இல்லை என்பதை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாமல், எதில் செய்தது என்று அட்டையில் தேடுங்கள்.

ஸ்டிக்கரைவிட முக்கியமானது ஐஎஸ்ஐ முத்திரை. குழந்தைப் பால் பொருட்கள், பால் பாட்டில்கள் பற்றிய 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியத் தரநிலைக்கு உட்பட்டு முத்திரை பெற்ற பாட்டிலைத்தான் விற்க வேண்டும். பாரிமுனைப் பக்கத் தெருக்களிலும் மின்சார ரயில் நிலைய வாசல்களிலும் பொம்மைகளோடு சேர்த்துத் தொங்கவிடப்படும் பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. போனில் ஒரு அழகான அம்மா ஒரு பிராண்டைக் காட்டிப் பேசினால், நீங்கள் நம்ப வேண்டியது அவரை இல்லை.

எண்ணைத் தப்பாகப் படிப்பது

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். இன்று கடையில் கிடைக்கும் பால் பாட்டில்களில் பெரும்பாலானவை இதுதான். கொஞ்சம் பால் நிறத்தில், அழுத்தினால் லேசாக நெளியும். 7 என்றால் "மற்றவை". இங்கேதான் குழப்பம். பாலிகார்பனேட்டும் 7 தான், பிபிஎஸ்யூ என்ற நல்ல தரமான பிளாஸ்டிக்கும் 7 தான். 7 ஐக் கண்டாலே ஓடவும் வேண்டாம், கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். எழுத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பிபிஎஸ்யூ பாட்டில் இயல்பாகவே தேன் நிறத்தில் இருக்கும். "பழைய ஸ்டாக் போல, மஞ்சளாப் போச்சு" என்று அதைத் தள்ளிவிட்டு, பளிச்சென்று இருக்கும் மலிவான பாட்டிலை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் அதன் குணம். விலை கூடுதல்தான், ஆனால் அடிக்கடி கொதிக்க வைப்பதை பாலிபுரோப்பிலீனைவிட நன்றாகத் தாங்கும்.

சூட்டைக் கணக்கில் எடுக்காதது

எல்லாத் தவறுகளிலும் பெரியதாக நான் நினைப்பது இதுதான். எந்தப் பொருள் நல்லது என்று கேட்கிற நாம், அந்தப் பொருளை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பதில்லை. நம் வீடுகளில் பாட்டில் படும் பாட்டைப் பாருங்கள். காலையில் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் நீரில் கிடக்கிறது. எடுத்த சூட்டோடு அதில் வெந்நீர் ஊற்றி, பால் பவுடரைப் போட்டு, மூடியைத் திருகி, கையால் வேகமாகக் குலுக்குகிறோம். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு முறை.

அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020 இல் இதே முறையைப் பின்பற்றி பாலிபுரோப்பிலீன் பாட்டில்களைச் சோதித்தார்கள். 70 டிகிரி நீரில், ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் வந்தன. 25 டிகிரி நீரில் சுமார் 6 லட்சமாக இருந்தது, 95 டிகிரி நீரில் சுமார் 5 கோடியே 50 லட்சமாக ஏறியது. குலுக்கினால் இன்னும் கூடும். இந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்று மருத்துவ உலகம் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் எளிதாகக் குறைக்க முடிகிற ஒன்றைக் குறைக்காமல் ஏன் இருக்க வேண்டும்?

இதற்காகப் பாட்டிலைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். சரியாகச் சுத்தம் செய்யாத பாட்டிலால் வரும் வயிற்றுப்போக்கு, இன்றே இப்போதே குழந்தையைப் படுக்கவைக்கும். பவுடரைப் பச்சைத் தண்ணீரில் கரைப்பதும் கூடாது. பால் பவுடர் டப்பா கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. அதில் இருக்கக்கூடிய கிருமி சாக வேண்டும் என்பதற்காகத்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, கொதி அடங்கியதும் கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ பவுடரைக் கரையுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடாத அளவுக்கு ஆற்றி, அப்புறம் பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்ததும், காய்ச்சி ஆறிய நீரால் மூன்று முறை அலசுங்கள். உதிர்ந்த துகள் பெரும்பாலும் அதோடு போய்விடும். நம் வீடுகளில் பால் ஆற்றுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. மைக்ரோவேவில் மட்டும் பாட்டிலோடு வைக்காதீர்கள். பால் ஓரிடத்தில் வெதுவெதுப்பாகவும் இன்னோர் இடத்தில் நாக்கைச் சுடும்படியும் இருக்கும்.

கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் ஒரு மெல்லிய துணியைப் போட்டால் பாட்டில் நேராகச் சூட்டில் படாது. கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று காய்ச்சாமல் பால் கரைப்பதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. கேன் நீரையும் காய்ச்சத்தான் வேண்டும். போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பாட்டிலின் உள்ளே வெள்ளையாக உப்பு படியும். அதை ஸ்க்ரப்பரால் தேய்த்துத்தான் பலர் பிளாஸ்டிக்கைக் கீறிவிடுகிறார்கள். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் உப்பு தானாகக் கரையும். பிறகு வழக்கம்போல் கழுவிக் கொதிக்க வைத்தால் போதும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் பாலோடு பாட்டிலை விட்டு வருவதும் வேண்டாம்.

கண்ணாடி, எவர்சில்வர் என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பது

வீட்டில் வைத்துக் கொடுக்க கண்ணாடிதான் என் முதல் தேர்வு. எத்தனை முறை கொதித்தாலும் அதிலிருந்து பிளாஸ்டிக் துகள் உதிராது. ஆனால் போரோசிலிகேட் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இது விரியும். அதனால் சட்டென்று விரிசல் விடாது. அதற்காக ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை நேராகக் கொதிநீரில் போட்டுப் பார்க்க வேண்டாம். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே வண்ண வண்ணமாகப் பொம்மை வரைந்த கண்ணாடியைவிட வெறும் கண்ணாடி நல்லது. அந்த வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, பாட்டிலைப் பிடிக்கும் விரல்கள் நேராக வாய்க்குத்தான் போகும்.

எவர்சில்வரில் 304 அல்லது 316 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஒற்றைச் சுவர் கொண்டதே போதும். இரட்டைச் சுவர் வைத்து, மணிக்கணக்கில் சூடு தாங்கும் என்று விற்கும் பாட்டிலில் எனக்கு இரண்டு குறை. அப்படிப்பட்டவற்றில் சிலவற்றின் அடியில், காற்றை உறிஞ்சி மூடிய இடத்தில் ஈயப் பொட்டு இருக்கும். அடிமூடி கழன்று அது வெளியே தெரிந்ததால் 2022 இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எவர்சில்வர் கோப்பைகளும் பாட்டில்களும் திரும்பப் பெறப்பட்டன. இன்னொன்று அதைவிட அன்றாட ஆபத்து: வெதுவெதுப்பான பால், கிருமி வளர ஏற்ற இடம். கரைத்த பால் 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள். எழும்பூரிலிருந்து ரயிலேறும்போது கலந்து எடுத்துப்போய் விழுப்புரம் தாண்டிக் கொடுப்பது ஆபத்து. பிளாஸ்கில் வெந்நீரையும் தனி டப்பாவில் பவுடரையும் கொண்டுபோய், தேவைப்படும்போது கலந்துகொள்ளுங்கள். அந்த நேரத்திலும் நீர் நல்ல சூட்டோடு இருக்க வேண்டும்.

வெள்ளிச் சங்கும் வெள்ளிப் பாலாடையும் சீராக வரும். ஹால்மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பூஜைத் தட்டுக்குச் சரி, பாலுக்கு வேண்டாம். சிலிகான் பாட்டிலும் நல்லதுதான், மென்மையாக இருக்கும். பால் வாடை மட்டும் எளிதில் போகாது.

பாட்டிலைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு நிப்பிளை மறந்துவிடுகிறோம். குழந்தையின் வாய்க்குள் போவது அதுதான். சிலிகான் நிப்பிள் எடுங்கள். தினமும் இழுத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, நிறம் மாறினாலோ, ஓட்டை பெரிதானாலோ மாற்றிவிடுங்கள். பல் முளைத்த பிறகு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தங்கையின் நான்கு பாட்டில்களில் இரண்டு தங்கின. தோழிகள் கொடுத்தது போரோசிலிகேட் கண்ணாடி, அது வீட்டுக்கு. அம்மா வாங்கியது 5 ஆம் எண், ஐஎஸ்ஐ முத்திரையோடு இருந்தது. குழந்தைக் காப்பகத்தில் கண்ணாடி வாங்க மாட்டார்கள் என்பதால் அது அங்கே போகிறது, பாலை ஆற்றிய பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். எவர்சில்வர் பாட்டில் இரட்டைச் சுவர் கொண்டது. அதில் தங்கை தனக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறாள். பிளாஸ்டிக் பாட்டிலின் திருகு வளையத்தில் மார்க்கரால் தேதி எழுதி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். உள்ளே கீறலோ மங்கலோ தெரிந்தால் அன்றைக்கே புதிது வாங்கிவிடுகிறோம்.